இன்னும் எவ்வளவு நேரம்? – சவாரி வரிசையில் நிற்போரின் கோரிக்கைச் சாசனம்

முன்வைப்போர்: முல்லைத்தீவு மாவட்டம் கரைதுறைப்பற்றுப் பிரிவில் நாயாறு, செம்மலை, கொக்கிளாய்க் கரையோரம் வாழும் பெற்றோர், கடற்றொழிலாளர், ஆசிரியர்.

பெறுவோர்: கேளிக்கைப் பூங்கா நடத்துவோர், திருவிழாக் காலங்களில் ராட்டினம் கட்டுவோர், இவர்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள்.

ராட்டின வரிசைக்கு ஒரு சாசனமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காணிக்கும் கடலுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோருக்குமாக இந்தக் கரையிலிருந்து போன மனுக்கள் கணக்கில்லாதவை. அவற்றின் பக்கத்தில் இதை வைக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாள் விளையாடப் போகிறார்கள். அந்த ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சவாரி, எத்தனை மணி நேரம் வெயிலில் கால் கடுக்க நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் தகவல் பூங்காக்காரர் கையில் இருக்கிறது. எங்களிடம் இல்லை. நாங்கள் கேட்பது அந்தத் தகவலை.

முன்பெல்லாம் பாடசாலைச் சுற்றுலா என்றால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, கொழும்புப் பக்கத்து நீர்ப் பூங்காக்கள் என்று தெற்கு நோக்கித்தான் பஸ் ஓடும். இப்போது இயக்கச்சியில் றீச்சா போன்ற இடங்கள் வந்துவிட்டன. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதியில் ஏறி, ஆனையிறவைத் தாண்டினால் சேர்ந்துவிடலாம். நல்லது. வன்னிப் பிள்ளை வடக்குக்குள்ளேயே விளையாட ஓர் இடம் வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். இந்தச் சாசனம் எந்த ஒரு பூங்காவின் மேலும் வைக்கிற குற்றச்சாட்டு அல்ல. எல்லாப் பூங்காவுக்கும், கோயில் வெளியில் மூன்று நாளைக்கு ராட்டினம் கட்டுகிற சிறு முதலாளிக்கும் பொதுவானது.

வரிசையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எடுத்துவிட்டார்கள். வெளியிணைப்பு இயந்திரப் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் படகு கரையில், ஆள் வரிசையில். வந்தபோதும் லீற்றர் 87 ரூபாயாக இருந்தது ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ஆனது. அந்த மாதங்களில் பெற்றோல் நிலைய வாசலில் படிக்காதவரும் கணிதம் செய்தார். பவுசரில் 6,600 லீற்றர் வருகிறது. பங்கீட்டுக் கியூஆர் அட்டைப்படி மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். எல்லாம் மோட்டார் சைக்கிள் என்று வைத்தால் 1,650 பேருக்குப் போதும். நான் எத்தனையாவது ஆள்? கணக்குச் சரியாக வந்தவர் நின்றார்; வராதவர் வீட்டுக்குப் போய் மறுநாள் விடிய வந்தார். பவுசர் எப்போது வரும், எவ்வளவு கொண்டு வரும் என்று தெரியாத இடங்களில் அந்தக் கணக்கும் பயன்படவில்லை. 2022 ஜூன் 18 இரவு எங்கள் மாவட்டத்து விசுவமடுவில் எரிபொருள் நிலையத்தில் மூண்ட குழப்பத்தில் இராணுவம் சுட்டது. பொதுமக்களும் படையினரும் காயப்பட்டார்கள். நிற்பவனுக்குத் தகவல் மறுக்கப்பட்டால் வரிசை எங்கே போய் நிற்கும் என்பதை அதற்குப் பிறகு எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வரிசையில் நின்றவரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. இன்னும் எவ்வளவு நேரம்? நிற்கிற எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? சவாரி வரிசையிலும் அதே இரண்டுதான். அங்கே முடிந்தது எண்ணெய், இங்கே முடிவது பூங்காவின் நேரம். நின்று நின்று, ஏறும் படிக்கட்டைக் கண்ட பிறகு "நேரம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஊர்களில் உண்டு. நாயாற்றுப் பிள்ளைக்கு நாளை என்று ஒன்று இல்லை. வாடகை பஸ் அன்றைக்கு மட்டும்தான்.

எனவே முதற் கோரிக்கை: ஒவ்வொரு சவாரியின் வரிசையும் தொடங்குகிற இடத்தில், காத்திருக்க வேண்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வரிசைக்குள் நுழைந்து பாதித் தூரம் போன பிறகு தெரிகிற பலகையால் பயனில்லை. திரும்பிப் போவதா நிற்பதா என்று முடிவெடுக்கிற இடத்தில் அது நிற்க வேண்டும். கரும்பலகையும் சோக்கும் போதும். இலத்திரனியல் பலகை வாங்கக் காசில்லை என்ற பதிலை இப்போதே மறுத்துவிடுகிறோம். நிமிடத்தோடு, அந்த எண்ணை எழுதிய நேரத்தையும் குறிப்பிடுங்கள். காலை பத்து மணிக்கு எழுதிய "20 நிமிடம்" பகல் ஒரு மணிக்கும் பலகையில் இருப்பதைவிடப் பலகை இல்லாமலிருப்பது மேல். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறோம், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து நேரம் சொல்பவர் ஏமாறுவார். நான்கு பேர் அகலத்தில் மடித்து மடித்து விட்ட வரிசை குட்டையாகத் தெரியும். ஒற்றை ஆளாக மதிலோரம் போகிற வரிசை பயங்கரமாகத் தெரியும். சவாரி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதை மட்டும் பார்ப்பவரும் ஏமாறுவார். இரண்டு நிமிடம் ஆடுகிற கப்பலுக்கு ஆட்களை இறக்க, அடுத்தவரை ஏற்ற, பட்டி பூட்ட, பூட்டியது சரியா என்று இழுத்துப் பார்க்க இன்னும் நான்கு நிமிடம் போகும். ஆகவே ஒரு தடவை புறப்பட்டதிலிருந்து மறு தடவை புறப்படும் வரை எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கில் வர வேண்டும். 24 ஆசனம், புறப்பாட்டுக்குப் புறப்பாடு 6 நிமிடம் என்றால் மணிக்கு 240 பேர். உங்களுக்கு முன்னால் 120 பேர் நின்றால் ஐந்து சுற்று, 30 நிமிடம். இது காகிதத்துக் கணக்கு. உண்மையில் ஐந்து பேர் குடும்பம் பிரிந்து உட்காராது, அம்மாவை விட்டுப் பிள்ளை ஏறாது, ஓர் ஆசனத்தின் பட்டி பழுதாகியிருக்கும். சுற்றுக்கு 20 பேர்தான் ஏறுவார்கள். அப்போது ஆறு சுற்று, 36 நிமிடம்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு; கணக்கே வேண்டாம். வரிசை வாசலில் நிற்கிற ஊழியர், புதிதாக நுழைகிற ஒருவரிடம் நேரம் பதிந்த அட்டை ஒன்றைக் கொடுக்கட்டும். அவர் ஏறுமிடத்துக்கு வந்ததும் அங்கே நிற்கிற ஊழியர் அதை வாங்கி நேரத்தைப் பார்க்கட்டும். இடைவெளிதான் காத்திருப்பு நேரம். டிஸ்னி பூங்காக்களில் கழுத்தில் மாட்டுகிற சிவப்பு அட்டையாக இதைக் கொடுத்து அளந்து வந்தார்கள். எங்களுக்கு பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டியது போதும். அரை மணிக்கு ஓர் அட்டை விட்டால் நாள் முழுவதும் நேரம் தெரியும். அட்டை சொல்வது ஏற்கெனவே நின்று முடித்தவரின் நேரம் என்பதையும் மறக்கக்கூடாது: மூன்று பாடசாலை பஸ் ஒரேயடியாக வந்து இறங்கினால் பழைய அட்டை பொய் சொல்லும். அந்த வேளையில் தலைகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் புதிய ஞானமும் அல்ல. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனிக்காக ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909இலேயே காத்திருப்பின் கணிதத்தைத் தொடங்கிவிட்டார். வரிசையில் சராசரியாக நிற்பவர் தொகை, வந்து சேரும் வேகத்தை ஒருவர் நிற்கும் சராசரி நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பதை 1961இல் ஜோன் லிற்றில் நிறுவிக் காட்டினார். நிமிடத்துக்கு நான்கு பேர் வந்துகொண்டிருக்கிற, கூடாமலும் குறையாமலும் நிற்கிற வரிசையில் 120 பேர் நின்றால் ஒருவர் நிற்பது 30 நிமிடம். உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர் ஒருவரை விடுமுறைக்கு வேலைக்கு வைத்தால் உங்கள் பூங்கா முழுவதற்கும் ஒரு நாளில் கணித்துத் தருவார். பிள்ளைக்கும் கைச்செலவுக்கு ஏதும் கிடைக்கும்.

இரண்டாவது: உண்மையைச் சொல்லுங்கள். சில பெரிய பூங்காக்களில் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே எழுதுகிறார்கள். நாற்பது நிமிடம் என்று போட்டு முப்பதில் ஏற்றிவிட்டால் வந்தவருக்கு ஏதோ இலாபம் கிடைத்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிடம் கூட்டினால் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். ஆனால் மூன்றரைக்கு பஸ் ஏற வேண்டிய ஆசிரியை பலகையில் ஒரு மணி நேரம் என்று பார்த்து, நாற்பது பிள்ளைகளையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். உண்மையில் அது 35 நிமிடமாக இருந்திருந்தால் அந்தப் பொய் நாற்பது பேரின் சவாரியைத் தின்றுவிட்டது. குறைத்துச் சொல்வது இன்னும் மோசம். அது பஸ்ஸையும் சேர்த்துத் தின்னும். ஒற்றை எண் சொல்லப் பயமாக இருந்தால் "25 முதல் 35 நிமிடம்" என்று எழுதுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள். இவ்வளவுக்கும் அவ்வளவுக்கும் இடையில் என்று சொன்னால் விளங்கும்.

மூன்றாவது, இதைத்தான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2009 வரை நடந்த போரில் கால் இழந்தவர், கை இழந்தவர், உடம்பில் இன்னும் சன்னத்தோடு திரிபவர் இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. பிள்ளையோடு பூங்காவுக்கு வருகிற தகப்பனுக்குச் செயற்கைக் கால் இருக்கலாம். அவரால் முக்கால் மணி நேரம் நிற்க முடியாது. அவரை முன்னால் விடுங்கள் என்று கேட்டால் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார்; அவருக்கும் அந்தச் சலுகை கூச்சமாக இருக்கும். வழி இருக்கிறது. இப்போதைய காத்திருப்பு 45 நிமிடம் என்றால், 45 நிமிடம் கழித்த ஒரு நேரத்தைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர் நிழலில் இருந்துவிட்டு அந்த நேரத்துக்கு வந்து நேரே ஏறட்டும். யாரையும் முந்தவில்லை, நிற்கவும் இல்லை. டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்கள் 2013இல் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த முறையைத்தான் கொண்டு வந்தன. ஆனால் காத்திருப்பு நேரம் தெரிந்தால்தான் அந்தத் துண்டை நியாயமாக எழுத முடியும். நேரத்தை அளக்காத பூங்காவில் இரண்டு வழிதான் மிஞ்சும்: ஒன்றில் இரக்கம், இல்லாவிட்டால் மறுப்பு. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இதே துண்டு கிடைக்க வேண்டும். சான்றிதழ் கொண்டு வா என்று வாசலில் விசாரணை வேண்டாம்.

நான்காவது உயரம். மூன்றடி ஆறங்குலத்துக்குக் குறைந்த பிள்ளை ஏறக்கூடாது என்றால் அது பாதுகாப்புக்காக, ஒப்புக்கொள்கிறோம். அந்த அளவுகோலை ஏறுமிடத்தில் நட்டு வைத்திருப்பதுதான் கொடுமை. வரிசை தொடங்கும் இடத்தில் நடுங்கள்.

ஐந்தாவது, காசு கொடுத்து முந்துகிற வரிசை. இது நமது பக்கத்துக்கு இன்னும் பெரிதாக வரவில்லை, வரும். டிஸ்னி 1999இல் இலவசமாகத் தொடங்கிய முறையை 2021இல் காசுக்கு மாற்றிவிட்டது. இந்தியாவில் வொண்டர்லா பூங்காக்களில் ஃபாஸ்ட்ராக் என்று விற்கிறார்கள். திருப்பதியில் 300 ரூபாய் சிறப்புத் தரிசனம் நம்மவருக்கும் பழக்கமானதுதான். விற்பது உங்கள் உரிமை என்பீர்கள். சரி, ஆனால் கணக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன 20 பேர் சுற்றில் எட்டு இடம் காசு வரிசைக்குப் போனால் பொது வரிசைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு. அதே 120 பேருக்குப் பத்து சுற்று, ஒரு மணி நேரம். 36 நிமிடம் 60 ஆகிவிட்டது. பொது வரிசையில் ஓர் ஆள் கூடக் கூடவில்லை, நிற்பவருக்குக் காரணமும் தெரியவில்லை. எனவே அப்படி விற்பதானால் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை ஆசனம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பலகையில் எழுத வேண்டும். பொது வரிசைக்கான நேரம் அதைக் கழித்தே கணிக்கப்பட வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒதுக்கீட்டைக் கூட்டக்கூடாது.

திருப்பதியைப் பற்றிச் சொன்னதால் அதன் நல்ல பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை காத்திருப்பு அறைகள் நிரம்பியுள்ளன, இலவசத் தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று தேவஸ்தானம் தினமும் அறிவிக்கிறது; பத்திரிகைகளில் வருகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கே சொல்ல முடிகிறது. அதே திருப்பதியில் 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகக் கூடிய நெரிசலில் ஆறு பேர் இறந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஆறாவது கோரிக்கை கோயில் வெளிகளில் ராட்டினம், மரணக்கிணறு, பிள்ளைகளின் ரயில் நடத்துபவர்களுக்கு. கூட்டம் கூடினால் சுற்றைக் குறைக்கிற வித்தை எங்களுக்குத் தெரியும். பின்னேரம் பத்துச் சுற்று சுற்றிய ராட்டினம் இரவு பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும் ஆறு சுற்றோடு நிற்கும். வரிசை வேகமாக நகர்கிறது என்று நிற்பவர் மகிழ்வார்; ஏறிய பிறகு தெரியும். எனவே நேரத்தோடு சேர்த்து, ஒரு ரிக்கற்றுக்கு எத்தனை சுற்று என்பதும் எழுதப்பட வேண்டும். கேளிக்கை வரி அறவிடுகிற பிரதேச சபைகள், அனுமதிப் பத்திரத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

ஏழாவது: சவாரி நின்றுபோனால் சொல்லுங்கள். மழை, பழுது, மின்வெட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் முழு நாட்டுக்கும் கரன்ற் போனது என்று அரசாங்கமே சொன்னது, நாங்களும் கேட்டுக்கொண்டோம். குரங்கென்றாலும் காரணத்தைச் சொன்னால் சனம் பொறுக்கும். காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை பூங்காக்காரர்கள் படிக்க வேண்டியது: காரணம் தெரியாத காத்திருப்பும் முடிவு தெரியாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். சவாரி பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஊழியர் ஒருவர் வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து வந்து சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுக்கு நடுவே சொல்வது யாருக்கும் கேட்காது.

எட்டாவது, "எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா" என்ற அந்த இரண்டாம் கேள்விக்கானது. மூடுகிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இன்றைக்கு ஏறக்கூடிய கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் எல்லாருக்கும் சவாரி உறுதி, ஐந்து நிமிடம் பிந்தினாலும். அந்தப் பக்கம் நிற்பவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள். உறுதி கொடுத்த பிறகு ஏற்றாவிட்டால் அந்தச் சவாரிக்குரிய காசு அங்கேயே திரும்பத் தரப்பட வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிற மச்சான்மார் எங்களுக்குத் தொலைபேசியைத் திறந்து காட்டுவார்கள்: கனடாஸ் வொண்டர்லாண்டில் எந்தச் சவாரிக்கு எத்தனை நிமிடம் என்று செயலியில் ஓடும். ஜேர்மனியிலிருந்து வருகிறவர்கள் யூரோப்பா பூங்காவின் செயலியைக் காட்டுவார்கள். செயலி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சமிக்ஞை விட்டு விட்டு வருகிற கரையில் வாழ்கிறோம். பாடசாலைப் பிள்ளைகள் கையில் தொலைபேசி இருப்பதையும் நாங்கள் விரும்பவில்லை. செயலி உள்ளவருக்கு ஒரு நேரம், இல்லாதவருக்கு ஊகம் என்று ஆகிவிடும். பலகைதான் எல்லாருக்கும் ஒன்று.

நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. பொய்யான காத்திருப்பு நேரத்தைப் போட்டு நுழைவுச் சீட்டு விற்பது அதற்குள் வரும் என்பது எங்கள் வாதம். வழக்குப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. போட முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

அரச அலுவலகங்களும் கிளினிக்குகளும் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று எங்களுக்குள்ளேயே கேட்டார்கள். 2024இல் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் சனம் இரவு பகலாகக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். அதற்குத் தனிச் சாசனம் வேண்டும். விளையாட்டு இடத்திலேயே சொல்லப் பழகாத நாட்டில் அலுவலகம் சொல்லாது என்பதால் இங்கிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. ஒருவரை நிறுத்திவிட்டுப் பத்துப் பேர் வந்து புகுவதை நாங்களும் கைவிட வேண்டும். தலையை எண்ணி நேரம் எழுதுகிற ஊழியரின் கணக்கு அதனால்தான் முதலில் பிழைக்கிறது. இடம் பிடித்து வைப்பதில்லை என்று இதை முன்வைக்கும் நாங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இச்சாசனத்தின் பிரதிகள் பூங்கா உரிமையாளர்களுக்கும், கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, பச்சிலைப்பள்ளி பிரதேச சபைகளுக்கும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் அனுப்பப்படும். அடுத்த சித்திரை விடுமுறைக்கு முன் பலகையும் அட்டையும் கயிறும் வந்திருக்க வேண்டும். துண்டு முறைக்கு இன்னும் மூன்று மாதம் தருகிறோம். சபைகளின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கேளிக்கை அனுமதிகளில் என்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன என்று ஒவ்வொரு சபையிடமும் விண்ணப்பம் போடுவோம். அதற்கான படிவங்களை நிரப்பத் தொடங்கிவிட்டோம்.